நாய் யாரைப் பார்க்கிறது?

நவம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. படியேறும்போது இடது முழங்கால் முனகுகிறது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமா? சினைமாடு எப்படி இருக்கிறது?

புது வீட்டுக்கென்று நீ அனுப்பிய படம் நேற்று வந்து சேர்ந்தது. சாக்கில் சுற்றி, அதன்மேல் உன் பழைய சட்டையைச் சுற்றி, அதற்கும்மேல் மாடு கட்டுகிற கயிறு. அவிழ்க்கவே அரை மணி நேரம் ஆயிற்று. இந்த வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. சமையலறையில் திரும்ப வேண்டுமென்றால் வெளியே வந்து திரும்பிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆனால் சாப்பாட்டு மேசைக்கு எதிரே நல்ல சுவர் ஒன்று இருக்கிறது. படத்தை அங்கே மாட்டியிருக்கிறேன்.

பனி மூடிய முற்றம். ஒருவன் விறகு பிளக்கிறான். ஒரு பெண் இரண்டு கையிலும் வாளியோடு கொட்டகையிலிருந்து வருகிறாள். தோள் இரண்டும் இறங்கியிருக்கின்றன, ஆகவே வாளி நிறையப் பால். தூரத்து வீட்டுப் புகை நேராக மேலே போகிறது, ஆகவே காற்றில்லாத நாள். முன்னால் ஒரு நாய். சர்வே ஆபீஸில் இருபது வருஷம் வரைபடம் போட்டவளுக்கு எதைப் பார்த்தாலும் இப்படித்தான் பார்க்கத் தோன்றுகிறது.

கீழே கையெழுத்து இல்லை. யார் வரைந்தது? எங்கே வாங்கினாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்,
அக்கா

நவம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நாய் உட்பட நலம். மாட்டுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. லிஃப்ட் இல்லாத வீட்டை உன்னை யார் வாங்கச் சொன்னது? முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

படம் டவுன் சந்தையில் வாங்கியது. பழைய சாமான் விற்கிற ஒருவர், பெயர்கூடக் கேட்கவில்லை. யார் வரைந்ததென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பார்க்க லட்சணமாக இருந்தது, வாங்கினேன். சுவரில் மாட்டினாயா, சரி. அதற்குமேல் அதில் கேட்க என்ன இருக்கிறது?

இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது. பால் வண்டி இரண்டு நாளாகத் தாமதம்.

உன் உடம்பு தேறட்டும்,
தம்பி

நவம்பர் 27

அன்புள்ள தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், முழங்கால் பரவாயில்லை. உங்கள் இருவருக்கும் சளி, இருமல் ஒன்றும் இல்லையே?

நேற்று ஆபீஸ் பூதக்கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொட்டகைக் கூரையில் இரண்டு தகரம் மட்டும் புதிதாக மின்னுகிறது. இரண்டு கோடைக்கு முன் நீ மாற்றிய அதே இரண்டு தகரம். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவள் நான். விறகு பிளக்கிறவன் தலையில் காதுமூடித் தொப்பி, ஒரு காது மற்றதைவிட நீளம். அப்படித் தொப்பி பின்னுகிறவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். சந்தைக்காரர் நம் வீட்டு முற்றத்தை எப்போது வந்து பார்த்தார்?

இன்னொன்று. விறகுக்கும் வாளிக்கும் நாய்க்கும் நிழல் ஒரே பக்கம், ஒரே அளவில் விழுகிறது. புகைபோக்கியின் மேல் வெயில் அடிக்கிற திசையைப் பார்த்தால் அப்படி விழ முடியாது.

அம்மா போன அன்று ஓர அறையில் நின்றுகொண்டு என் கையில் அடித்து நீ சொன்ன சொல் ஞாபகம் இருக்கிறதல்லவா? சும்மாதான் கேட்டேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா

டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சளியும் இல்லை, இருமலும் இல்லை. உன் கடிதத்தைப் படித்துத்தான் வியர்த்துவிட்டது, அதுவும் இந்தக் குளிரில்.

சரி, கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய். படத்தை வரைந்தது நான்தான். போன குளிர்காலத்தில் பொழுது போகவில்லை. நாற்பது வயதில் வர்ணம் குழைக்கிறான் என்று நீ சிரிப்பாய், அதனால்தான் சந்தை, கிந்தை என்று அளந்துவிட்டேன். நிழல் தப்பாக இருக்கிறதென்றால் நான் என்ன ஓவியனா? மன்னித்துக்கொள், விஷயத்தை இதோடு விடு.

கையில் அடித்துச் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதை ஏன் இப்போது இழுக்கிறாய்?

நலமாக இரு,
தம்பி

டிசம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான் சரியில்லை. உனக்கு எப்படியோ?

ஐந்தாம் வகுப்பில் நீ குதிரை வரைந்தாய். டீச்சர் அதை நாற்காலி என்று நினைத்து மார்க் போட்டார். அந்தக் கை இந்த நாயை வரைந்ததா? அதோடு படத்தில் நீயே இரண்டு கையாலும் கோடாலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். வேறு யார் காதிலாவது பூச்சுற்று.

ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வேலை செய்தேன். நம் மனைக்கு நானே போட்ட வரைபடம் இருக்கிறதல்லவா, அதை விரித்தேன். படத்தில் அடிபம்பு கொட்டகையின் இடது மூலையைச் சரியாக மறைக்கிறது. கேட்டின் வலது தூணுக்கு நேர் பின்னால் ரோட்டு மின்கம்பம் இருக்கிறது. இரண்டுக்கும் ஸ்கேல் வைத்துப் பின்னால் கோடு இழுத்தேன். இரண்டு கோடும் ஓர அறை ஜன்னலில் வந்து சந்திக்கின்றன. அந்த ஜன்னலைக் கோடையில் மரம் மறைத்துவிடும், முற்றமே தெரியாது. நான் அங்கே வருவதோ கோடையில் மட்டும்.

அம்மா படுத்திருந்த அறை அது. ஆறு வருஷமாகப் பூட்டியிருக்கிறது. ஒரு சாவி என்னிடம், ஒன்று உன்னிடம். நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை, திறக்க மனம் வரவில்லை. ஆனால் படத்தில் சமையற்கட்டுக் கதவிலிருந்து அந்த அறையின் வெளிக்கதவை நோக்கிப் பனியில் ஒரு தடம் வருகிறது, நடந்து நடந்து இறுகிப்போன தடம். சின்னப் பாதம். உன் வீட்டுக்காரியுடையது. அவளுக்கும் தெரிந்துதான் நடக்கிறது.

அந்த அறையில் யாரை வைத்திருக்கிறாய்? ஆணா, பெண்ணா? அம்மாவின் சாமான்களை என்ன செய்தாய்?

நாம் அங்கே நின்று பேசியதை நானே எழுதிவிடுகிறேன், உனக்கு மறந்துபோனாலும் போயிருக்கும். நம்மையும் அம்மாவையும் விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போன மனுஷன் இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் உனக்கு அக்கா இல்லை, எனக்குத் தம்பி இல்லை. நான் சொன்னேன், நீ என் கையில் அடித்தாய்.

அக்கா

ஜனவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. உன் மனசு சரியாகட்டும்.

உன்னோடு பெரிய ரோதனையாகப் போயிற்று. படம் அனுப்பினால் போலீஸ் விசாரணை. அறையில் யாரும் இல்லை. அம்மாவின் சாமான்கள் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. போன குளிர்காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார் வந்து, முற்றத்தை வரைய வேண்டும், குளிர் தாங்கவில்லை, உள்ளே உட்காரட்டுமா என்று கேட்டார். ஓர அறையைத் திறந்துவிட்டேன். பத்து நாள் வந்தார். உன் தம்பி பொண்டாட்டி அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தாள், அந்தத் தடம்தான் அது. அம்மாவின் அறையைத் திறந்தேன் என்று சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்று மறைத்தேன். போதுமா?

படம் பிடிக்கவில்லையென்றால் திருப்பி அனுப்பிவிடு.

மாடு இந்த வாரமோ அடுத்த வாரமோ கன்று போடும். எனக்கு அந்தக் கவலையே போதும்.

தம்பி

ஜனவரி 15

தம்பிக்கு,

மாடு நல்லபடியாகக் கன்று போட்டதா என்று மட்டும் முதலில் எழுது.

வாத்தியார் கண் ஆபரேஷனுக்காக இங்கே மகள் வீட்டில்தான் இருக்கிறார். உனக்கு அது மறந்துவிட்டது போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். நம் முற்றத்தை அழகாக வரைந்திருக்கிறீர்களே என்று நைசாக ஆரம்பித்தேன்.

“நானா? நான் போர்டுல வட்டம் போட்டாலே முட்டையாத்தானேம்மா வரும்! பசங்க இன்னும் சொல்லிச் சிரிக்கிறாங்க. அதுவுமில்லாம உங்க வீட்டு நாய்க்குப் பயந்து ரெண்டு வருஷமா நான் அந்தப் பக்கமே போறதில்ல” என்றார்.

வீட்டுக்கு வந்து நாயைப் பார்த்தேன். நாலு வருஷமாகத் தபால்காரரையே விடாமல் குரைக்கிற நாய். படத்தில் அது கோடாலி பிடித்த உன்னைப் பார்க்கவில்லை, பால் கொண்டுவருகிறவளையும் பார்க்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, வரைகிறவரைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது. நாய்க்குத் தெரிந்த ஆள் எனக்குத் தெரியக் கூடாதா?

மூன்று பொய் ஆயிற்று. இனி சுற்றி வளைக்கவில்லை. ஓர அறையில் இருப்பது யார்? இந்த மாதம் முடிவதற்குள் பதில் வர வேண்டும்.

அக்கா

பிப்ரவரி 9

தம்பிக்கு,

மாதம் முடிந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. தினமும் சாயங்காலம் மூன்று மாடி இறங்கித் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஏறுகிறேன். மின்கட்டண ரசீதைத் தவிர ஒன்றும் இல்லை.

கோபத்தில் எழுதாமல் இருக்கிறாயா, பயத்தில் எழுதாமல் இருக்கிறாயா? உடம்புக்கு ஏதாவது வந்து படுத்துவிட்டாயா? அதையாவது சொல். கேள்விக்குப் பதில் பிறகு இருக்கட்டும்.

அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். அவருக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள். மாடு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. உங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?

அவர் தினமும் பால் கறந்துவிட்டு வந்து காகிதத்தோடு உட்காருகிறார். ‘அன்புள்ள அக்காவுக்கு’ என்று எழுதுகிறார். அதற்குமேல் பேனா நகருவதில்லை. மூன்று வாரமாக அந்தக் காகிதங்களை வைத்துத்தான் அடுப்புப் பற்றவைக்கிறேன். இனி பொறுக்க முடியாதென்று நானே எழுதுகிறேன்.

நீங்கள் நினைத்தது சரி. ஓர அறையில் இருப்பது மாமா, உங்கள் அப்பா.

மூன்று வருஷத்துக்கு முன் முதல் பனி விழுந்த அன்று வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். கூட இருந்த அந்த அம்மா இறந்துவிட்டாராம். கையில் ஒரு பெட்டியும் கடைப் பெயர்ப்பலகை எழுதுகிற பிரஷ் கட்டும் இருந்தன. உங்கள் தம்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உங்களிடம் சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார் அண்ணி. கேட்டைத் திறந்தது நான். கையில் அடித்துச் சொன்னது நீங்கள் இரண்டு பேரும்தான். என் கையில் யாரும் அடிக்கவில்லை. தலையில் பனியோடு ஒரு வயதான மனுஷன் நின்றால், யாராக இருந்தாலும் நான் திறந்திருப்பேன்.

நீங்கள் சொல்லியிருந்ததை மாமாவிடம் மறைக்காமல் சொன்னேன். அதனால் முன்வாசலை இன்றுவரை அவர் மிதிக்கவில்லை. ஓர அறைக்கு வெளிக்கதவு வழியாகவே போய் வருகிறார். அதுவும் வீடுதானே என்று நீங்கள் கேட்பீர்கள், கேளுங்கள். அத்தையின் கட்டிலில் படுக்க மாட்டேன் என்று தரையில் மெத்தை போட்டுக்கொண்டார். நீங்கள் கோடையில் வருவதற்கு ஒரு வாரம் முன்பு கிளம்பிவிடுவார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், பலகை எழுத என்பார். கை நடுங்குகிறது. அந்தக் கையை நம்பி எந்தக் கடைக்காரர் பலகை கொடுக்கப் போகிறார்?

படத்தை அனுப்ப வேண்டாம் என்று உங்கள் தம்பியிடம் தலைதலையாக அடித்துக்கொண்டேன். ‘அக்கா பாத்தா கேப்பா. கேட்டா சொல்லிடறேன். நானா வாயத் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்ல’ என்றார். நீங்களும் கேட்டீர்கள். அவர் சந்தை என்றார், வாத்தியார் என்றார்.

கோபமென்றால் என்மேல் கோபப்படுங்கள். உங்கள் தம்பியை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் தம்பி மனைவி

பிப்ரவரி 27

தம்பிக்கு,

உன் வீட்டுக்காரியின் கடிதம் வந்தது. கிடாரிக்கன்று என்றறிந்து சந்தோஷம். மற்றதைப் பற்றி எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது, இப்போது அடுப்புக்குக் காகிதம் என் வீட்டிலும் நிறைய இருக்கிறது.

படத்தைப் பிரித்த அன்றைக்கே எனக்குத் தெரியும்.

நிழல்தான். கடைப் பலகையில் எழுத்துக்குப் போடுகிற நிழல், எப்போதும் வலது பக்கம், சற்றுக் கீழே. சூரியன் எங்கே இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. “நிழல் போட்டாத்தான் எழுத்து பலகைய விட்டு எழுந்து நிக்கும்” என்பார். நாய்க்கும் வாளிக்கும்கூட அதையே போட்டு வைத்திருக்கிறார். கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் ஏன் மூன்று மாதம் உன்னைக் குடைந்தேன் என்று கேட்பாய். நீ நன்றாகப் பொய் சொல்வாய் என்று நம்பினேன். சந்தையில் வாங்கினேன் என்று நீ எழுதியபோது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? இவர் வரைந்ததை எவனோ விற்றிருக்கிறான், என் தம்பிக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ஆனால் பூதக்கண்ணாடியை எடுக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. நீ கட்டின பொய் ஒவ்வொன்றையும் நானே தட்டித் தட்டி உடைத்தேன். ஒன்றாவது உடையாமல் நிற்காதா என்றுதான் தட்டினேன்.

எனக்குக் கோபம். அவர்மேல் இருக்கிற கோபம் பழசு, அது கிடக்கட்டும். மூன்று குளிர்காலம் நீங்கள் எல்லாரும் ஒரு வீட்டில் இருந்திருக்கிறீர்கள், டீ கொடுத்து, டீ குடித்து. நான் மட்டும் கோடையில் வந்து, கழுவித் துடைத்து வைத்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். விருந்தாளி மாதிரி. அழுகை வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது.

உனக்கு அக்கா இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

மார்ச் 12ஆம் தேதி பஸ்ஸில் வருகிறேன். அவர் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டாதே.

அக்கா

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். ‘எல்லாரும்’ என்று மூன்று வருஷத்தில் இப்போதுதான் தைரியமாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நான் படித்துக் காட்டவில்லை, சத்தியமாக. நனைந்த கோட்டை ஓர அறையில் உலரப் போட்டேன். பையில் கடிதம் இருந்ததை மறந்துவிட்டேன். அப்பா எடுத்துப் படித்திருக்கிறார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்திருக்கிறார்.

“இருக்கணும்னு சொல்லலையேடா அவ. நிம்மதியா வந்துட்டுப் போகட்டும். நான் காலைல பஸ்ஸப் புடிச்சுடறேன்” என்றார்.

இருக்கக் கூடாது என்றும் சொல்லவில்லையே என்று கெஞ்சினேன், கத்தினேன். கேட்கவில்லை. உன் பிடிவாதம் யாருடையது என்று நினைக்கிறாய்?

காலையில் அவருடைய பூட்ஸைக் காணோம். கட்டிலுக்கடியில் தேடினார். கொட்டகையில் தேடினார். வைக்கோலைப் புரட்டினார். உன் தம்பி பொண்டாட்டி டீயைக் கொண்டுவந்து நீட்டிக்கொண்டே, “நான் பாக்கலையே மாமா” என்கிறாள், கண்ணிமைக்காமல். இந்த வீட்டில் ஒழுங்காகப் பொய் சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் அக்கா.

வெளியே முழங்கால் வரை பனி. துணிச்செருப்போடு பஸ் நிறுத்தம் வரை எப்படிப் போவார்? தினமும் காலையில் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். என் பூட்ஸைக் கேட்டுப் பார்த்தார். எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது, மாட்டைப் பார்க்க வேண்டாமா என்று சொல்லிவிட்டேன்.

நேற்றிலிருந்து வெயில் அடிக்கிறது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கிவிட்டது. பன்னிரண்டாம் தேதி வரை காத்திருக்காதே அக்கா, உடனே புறப்படு. ரோடு காய்ந்துவிட்டால் செருப்போடேகூடக் கிளம்பிவிடுவார்.

தம்பி